உறுமல் பெட்டி

சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் திரும்பாமல் வயற்பக்கம் திரும்பினால், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒரே அச்சிலான வீடுகள் வரிசையாக வரும். அவற்றில் எந்த வாசலில் மெக்கானிக்மாரின் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றனவோ, அது நபீலாவின் வீடு. பிரிட்ஜ், ஏசி, சலவை இயந்திரம் எதுவானாலும் உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை, போர்ட், இருக்கும். அது பழுதாகிவிட்டால் கல்முனைப் பக்கத்து மெக்கானிக்மார் கழற்றிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். முன்னறைச் சன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு விளக்கு, ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல், ஊசி வைத்த பழைய மீட்டர். பகல் முழுக்க அவள் இருப்பது அங்கேதான்.

நாற்பதை நெருங்கிய பெண். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கலியாணம் முடித்து அக்கரைப்பற்றுக்குப் போனாள். அது சரிவரவில்லை. பிள்ளையும் இல்லை. திரும்பி வந்து உம்மாவோடு இருந்துவிட்டாள். கதை குறைவு. வேலை தருகிறவர்கள் ஏதாவது விசாரித்தால், பழுது எங்கே என்று போர்ட்டே சொல்லிவிடும், தான் கதைப்பதற்கு என்ன இருக்கிறது என்பாள்.

அந்த வீட்டில் உம்மாவும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவளுடைய நானா, மூத்த சகோதரன் இம்தியாஸ், அங்கே இருபது வருடமாக இல்லாமல் இருந்தான். அது வேறுவிதமான இருப்பு.

கடல் வந்த அன்று காலை உம்மாவும் நபீலாவும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் நின்றார்கள். இம்தியாஸ் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரை வீட்டில் தங்கிவிட்டான். பிறகு அந்த வீடும் இல்லை, அவனும் இல்லை. எங்கெல்லாமோ தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. மற்ற வீடுகளில் உடல் கிடைக்காதவர்களுக்கும் பள்ளிவாசலில் உடல் இல்லாமலே தொழுகிற இறுதித் தொழுகை, மறைவான ஜனாஸாத் தொழுகை, நடந்தது. இம்தியாஸைப் பெற்ற சபியா உம்மா மட்டும் விடவில்லை.

"நான் என்ட கண்ணால காணல்ல," என்றார். அந்த ஒரு பேச்சுத்தான். மரணப் பதிவுக்கும் சம்மதிக்கவில்லை. அழவும் இல்லை.

அதனால் அவனைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதே அந்த வீட்டில் சிக்கலாகிப் போனது. 'இருந்தான்' என்று யாராவது வாய்தவறினால் உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். 'இருக்கிறான்' என்று சொல்ல நபீலாவுக்கு நா எழாது. ஆகவே இரண்டு பேருமே பேசாமல் விட்டார்கள். பேசாத பேச்சு வீட்டுக்குள் சாமான்கள் போல இடம் பிடித்துக்கொண்டது. அதில் இடித்துக்கொள்ளாமல் நடக்க இருவரும் பழகிக்கொண்டார்கள்.

மாரி மழை விட்டு, கடல் அடங்கி, படகுகள் ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கிய நாட்களில், காரைதீவிலிருந்து கேதீஸ்வரன் வந்தான். இம்தியாஸின் கூட்டாளி. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்தவர்கள். இப்போது அவன் அறுகம்பேயில், சீசன் நாட்களில், கடலில் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளில் வாசிக்கிறான். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள்ளிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"தங்கச்சி, இது இம்தியாஸ்ட. இவ்வளவு நாளும் என்னட்டத்தான் கிடந்திச்சு. கொண்டு வர மனம் வரல்ல."

நபீலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அறுபதுகளில் வெளிநாட்டுக் கிற்றார்காரர்கள் காலடியில் வைத்து மிதித்த ஒரு கருவி உண்டு. ஃபஸ் பெடல் என்பார்கள். மிதித்தால் கிற்றாரின் துல்லியமான நாதம் உடைந்து, தடித்து, தகரத்துக்குள் அடைபட்ட குளவிக் கூட்டம் மாதிரி எழும்பும். இம்தியாஸ் எங்கோ ஒரு படத்தைப் பார்த்து, மௌத்தாகிப்போன வாப்பாவின் பழைய றேடியோவிலிருந்து இரண்டு ட்ரான்சிஸ்டர்களைக் கழற்றி, இந்த டின்னுக்குள் அதைச் செய்திருந்தான். உறுமல் பெட்டி என்று பெயரும் வைத்திருந்தான். கிற்றார் சத்தம் தெருவில் பேச்சாகும் என்பதால் கிற்றார் எப்போதும் கேதீஸ்வரன் வீட்டில்தான் இருக்கும். பெட்டி மட்டும் இம்தியாஸிடம். கடல் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், மிதிக்கிற சுவிட்சை மாற்றவென்று கேதீஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அதனால் அது தப்பியது.

அதை மறுபடி வேலை செய்ய வைக்க ஏலுமா என்று கேட்டான். கடையில் இதே மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றனவே என்றாள் நபீலா. அவன் தலையை ஆட்டினான்.

"அது வேற. இம்தியாஸ்ட சத்தம் என்ட காதுக்குள்ள இருந்திச்சு. இப்ப இல்ல. நினைச்சுப் பாத்தாலும் வருதில்ல. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி."

அதற்குள் தேத்தண்ணியோடு வந்த சபியா உம்மா மேசையில் இருந்த டின்னைக் கண்டார். கோப்பையைக் கேதீஸ்வரனிடம் கொடுத்து, பிள்ளைகளின் சுகம் விசாரித்துவிட்டு உள்ளே போனார். டின்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பகல் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டார்.

நபீலா மூடியைத் திறந்தாள். பற்றறி ஒழுகிக் காய்ந்திருந்தது. செப்புக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. ஈயம் வைத்த இடங்களெல்லாம் தடித்தடியாக, கோணலாக இருந்தன. நானாவுக்குச் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரியாது. அவசரக்காரக் கை. அந்த ஈயத் துளிகளை அவள் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். படம், உடுத்த சேட்டு, எழுதிய கொப்பி என்று கடல் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவனுடைய கை பட்டது என்று உலகத்தில் இருந்தது இவ்வளவுதான். அதை உருக்கி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழைய பலகையை அப்படியே சுற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டத் தீர்மானித்தாள்.

கணக்குக்குச் சின்ன வேலைதான். இரண்டு ட்ரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெப்பாசிட்டர், திருக இரண்டு குமிழ். அவள் தினமும் பார்க்கிற போர்ட்டுகளில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் அந்த ட்ரான்சிஸ்டர்கள் இந்தக் காலத்துப் பொருட்கள் அல்ல. ஜெர்மானியத்தில் செய்தவை. கறுப்புச் சாயம் பூசிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றைப்போல் ஒன்று இராது. சூடு ஏறினால் குணம் மாறும். சாயம் சுரண்டப்பட்டிருந்தால் வெளிச்சம் பட்டாலும் மாறும். டின்னிலிருந்த இரண்டில் ஒன்று செத்திருந்தது. மற்றதை மீட்டரில் வைத்ததும் ஊசி மெல்ல எழுந்தது. வாப்பா செய்தி கேட்ட றேடியோவில் இருந்து, நானாவின் டின்னுக்கு வந்து, உப்புக் காற்றில் இவ்வளவு காலம் கிடந்தும் அது உயிரோடு இருந்தது.

அதற்கு ஒரு சோடி தேடிச் சம்மாந்துறையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனாள். நெல் ஆலை மோட்டார்களுக்கும் உழவு இயந்திரச் சக்கரங்களுக்கும் நடுவில் உடைந்த றேடியோக்கள் குவிந்து கிடந்தன. மீட்டரைக் கையிலேயே கொண்டுபோயிருந்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, மின்கசிவு குறைந்த ஒன்றைப் பொறுக்கி, கைலேஞ்சியில் சுற்றி எடுத்துவந்தாள்.

இந்தப் பெட்டியில் எல்லாமே தலைகீழ். வழக்கமாகப் பற்றறியின் கழித்தல் முனைதான் தரைக் கம்பிக்குப் போகும். இதில் கூட்டல் முனை போகவேண்டும். அவளுடைய கை பழக்கத்தில் சிவப்பு வயரை மாற்றி வைக்கப் போய், இரண்டு தடவை நிறுத்தித் திருப்பினாள். இதை நானா எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசித்தாள். எத்தனை தடவை மாற்றி வைத்துச் சுட்டிருப்பான், யாரிடமும் கேட்காமல்.

கட்டி முடித்ததும் கேதீஸ்வரன் கிற்றாரும் சத்தத்தைப் பெருக்குகிற ஒரு சின்ன அம்ப்பும் கொண்டுவந்தான். பகல் சாய்ந்த நேரம், தகிக்கிற வெயில். மிதித்ததும் சத்தம் தொண்டையில் முள் சிக்கியவனைப் போலத் திக்கி அறுந்தது. சூட்டினால்தான் என்று நபீலாவுக்குப் புரிந்தது. பிரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து, பொலித்தீனில் சுற்றி, அந்தக் கறுப்புக் குப்பிகளுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இப்ப வாசிங்க கேதீஸ் அண்ணன்."

சத்தம் வந்தது. கரகரப்பாக, அகலமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல. கேதீஸ்வரன் ஒரே ஒரு நரம்பைத்தான் தட்டினான். தட்டிய கையை அப்படியே பிடித்துக்கொண்டு, சத்தம் ஓயும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. பிறகு குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஐஸ் கரைந்ததும் பெட்டி மறுபடி திக்கியது. விடிகிற வெள்ளாப்பில், குளிர்ச்சியாக இருக்கும்போது பார்த்துத் திருத்துகிறேன் என்று நபீலா சொன்னாள். அவன் கிற்றாரையும் அம்ப்பையும் விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் விடிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு அவள் மேசைக்கு வந்தாள். சன்னலைத் திறந்தால் வயற்காற்று. கிற்றாரைக் கதிரையில் சாய்த்து, நீளமான வயரைப் பெட்டியில் சொருகி, அம்ப்பைத் திறந்தாள். யாரும் நரம்பைத் தொடவில்லை. மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது, தூரத்து மழை போல. குமிழைத் திருகினாள். இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. இன்னும் திருகினாள்.

"கேக்குதா," என்றது ஓர் ஆண் குரல். "கேக்குதா... கேக்குதா..."

நபீலாவின் கை குமிழிலேயே நின்றுவிட்டது. குரல் உடைந்து கரகரத்தது. அதற்குள் வயது தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட்டு இரைச்சலுக்குள் முங்கிப் போனது.

அவள் பயந்த சுபாவக்காரி அல்ல. காரணம் உடனேயே தெரிந்தது. இப்படிப்பட்ட பழைய பெட்டிகள் வானத்தில் போகிற றேடியோ அலைகளைப் பிடிக்கும். நீள வயரும் கிற்றார்க் கம்பிகளும் அன்டனா மாதிரி. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் பேசுவதற்கு றேடியோச் செட் வைத்திருக்கிறார்கள். கரையிலும் சில வீடுகளில் இருக்கிறது. விடிந்ததும் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். மருந்தும் தெரியும். உள்ளே நுழைகிற இடத்தில் நெல்மணி அளவில் ஒரு கெப்பாசிட்டரை வைத்தால் போதும், குரல் நின்றுவிடும். அந்தச் சிறு பொருள் அவளுடைய சாமான் பெட்டியிலேயே இருந்தது. எடுத்து மேசையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கதவோரம் உம்மா நின்றார்.

முக்காட்டைப் பிடித்தபடி, கிற்றாரையும் அம்ப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குது மகன்," என்றார், மிகவும் சாதாரணமாக.

நபீலா அன்றைக்கு அந்தக் கெப்பாசிட்டரை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. சுபஹுத் தொழுகை முடிந்ததும் உம்மா தொழுகை விரிப்பான முசல்லாவை மடித்து வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து கதிரையில் இருப்பார். நபீலா அம்ப்பைத் திறப்பாள். சில நாட்களில் இரைச்சல் மட்டும்தான். சில நாட்களில் குரல் வரும். காற்று, தண்ணி, வலை என்று அரைகுறைச் சொற்கள். அவற்றுக்கு நடுவில் கேக்குதா, கேக்குதா. உம்மா ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வார். வெயில் ஏறியதும் பெட்டி அடைத்துப்போகும். அவர் எழுந்து தன் வேலைக்குப் போவார். இருபது வருடமாகத் தளர்ந்திருந்த நடையில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. ஒருநாள் சோறு ஆக்குவதற்கு இடையில் தனியே சிரித்ததைக் கூட நபீலா கண்டாள். அந்தச் சிரிப்பு அவளைக் குரலைவிட அதிகமாகப் பயப்படுத்தியது.

இன்னொன்றும் நடந்தது. வாப்பாவின் ட்ரான்சிஸ்டரில் ஒரு பக்கம் சாயம் உரிந்திருந்தது. பெட்டி மூடியில்லாமல் இருக்கும்போது சன்னல் வெளிச்சம் அதில் பட்டு, இரைச்சல் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். யாராவது குனிந்து நிழல் விழுந்தால் இரைச்சல் தணிந்து கனக்கும். உம்மா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அப்படி ஆகும். ஏன் என்று நபீலா விளக்கிக் காட்டியிருந்தாள். ஒரு காலை உம்மா கிணற்றடியில் இருந்தார். நபீலா மேசையிலிருந்து எழுந்து சுவரோரம் நின்று வயர் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது இரைச்சல் தணிந்து கனத்தது. யாரோ பெட்டிக்கு மேலே குனிந்து, தான் செய்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது போல. கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி கூர்மையாயிற்று. அவள் சன்னலுக்கு ஓடினாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வாசலில் ஒருவரும் இல்லை.

அவள் கறுப்பு டேப் துண்டு ஒன்றை வெட்டி அந்த ட்ரான்சிஸ்டரில் சுற்றினாள்.

இப்படியே விட ஏலாது என்று அன்றைக்கு நினைத்தாள். உம்மாவுக்கு உண்மை தெரியவேண்டும். அதற்கு முதலில் தனக்குத் தெரியவேண்டும். போனில் அந்தக் குரலைப் பதிந்து எடுத்துக்கொண்டு, கடற்கரையோரம் இருக்கிற றிபாஸ் வீட்டுக்குப் போனாள். இரண்டு ஆழ்கடல் படகுகளின் சொந்தக்காரர். கூரைக்கு மேலே உயரமான அன்டனா, முன் அறையில் செட். அந்தப் பக்கம் அவள் போய் வெகுகாலம். அவர்களுடைய பழைய வீடு நின்ற இடத்தில் இப்போது வெறும் மணலும் அடம்பன் கொடியும். தலையைத் திருப்பாமல் கடந்து போனாள்.

றிபாஸ் பொறுமையாகக் கேட்டார். காலையில் படகுகள் அப்படித்தான் கூப்பிடும், கேக்குதா என்றுதான் கேட்கும் என்றார். நபீலாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டார்.

"நம்மட ஊர்ப் பேச்சுத்தான். ஆனா ஆரெண்டு சொல்ல ஏலா. கரையில செட் வெச்சிரிக்கிற எல்லாருட குரலும் எனக்குத் தெரியும். இந்தக் குரல் தெரியல்ல."

பெட்டி குரலை உடைத்துவிடும், அதனால்தான் என்று நபீலா சொன்னாள். அப்படியும் இருக்கலாம் என்றார் அவர். வேறு ஊர்ப் படகாகவும் இருக்கலாம். கடலில் எத்தனையோ பேர்.

அன்று பின்னேரம் உம்மா முற்றத்தில் மல்லி காயவைத்துக்கொண்டிருந்தார். நபீலா பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அது படகுக்காரர்களின் செட். பெட்டி சும்மா பிடிக்கிறது. சின்ன ஒரு பொருளை வைத்தால் நின்றுவிடும். சொல்லி முடித்ததும் தான் எதையோ கொன்றுவிட்டது போல இருந்தது அவளுக்கு. உம்மா மல்லியைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றார். "பெத்தவளுக்குக் குரல் தெரியாதா. அது இம்தியாஸ் இல்ல."

நபீலா ஓரத்தில் சிந்திய மல்லியைக் கூட்டிச் சேர்த்தாள்.

"ஆருட புள்ளயோ கடலுக்குள்ள நிண்டு கேக்குதா, கேக்குதாண்டு கேக்குது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாம இருந்தா நல்லமா? அண்டைக்கு இவனும் கேட்டிருப்பான். நாம ரெண்டு பேரும் கலியாண ஊட்டுல சோறு திண்டுட்டு இருந்தம். ஆரு அவனுக்குப் பதில் சொன்ன?"

கை நின்றது. உம்மாவின் கண்கள் காய்ந்துதான் இருந்தன. ஆனால் முகம் முழுக்க வேறாக இருந்தது. கடல் வந்த நாளிலிருந்து அன்றுதான் அந்த வாயால் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் வந்தது. அதன் பிறகு சொன்னது இன்னும் மெல்ல:

"அந்தச் சாமானை இப்ப வெக்க வேணாம். கொஞ்ச நாள் இரிக்கட்டும்."

அதன் பிறகு காலைகளில் இரண்டு பேரும் சேர்ந்தே பெட்டியைக் கேட்டார்கள். நபீலாவும் ஒரு காலை, தன்னை அறியாமலே, கேக்குது நானா என்றாள். சொன்னபின் வெட்கப்படவில்லை.

கோடையில் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் காலைகள் சூடேறத் தொடங்கின. பெட்டி வேலை செய்கிற நேரம் நாளுக்கு நாள் சுருங்கியது. அப்படி ஒரு காலையில் குரல் வழமையைவிடத் தெளிவாக வந்தது. கேக்குதா என்று கேட்டது. உம்மா கேக்குது என்றார். கொஞ்சம் இரைச்சல். பிறகு, பக்கத்து அறையில் இருந்து சொல்வது போல:

"சரி. அப்ப நான் வைக்கிறன்."

செட்டில் பேசுகிற எவரும் பேச்சை முடிக்கும்போது சொல்வதுதான். நபீலாவுக்கு அது தெரியும். ஆனாலும் அவள் உம்மாவின் பக்கம் திரும்பினாள். உம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இரைச்சல் திக்கி, அடைத்து, அறுந்தது. வெயில் மேசையில் விழுந்திருந்தது.

"சரி மகன்," என்றார் உம்மா. "வை."

அப்போதுதான் அவர் அழுதார். சத்தமாக அல்ல. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, வெகுநேரம். நபீலா அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகை ஓய்ந்ததும் உம்மா முகம் கழுவிவிட்டு வந்து, பள்ளிவாசலுக்கு ஆளனுப்பச் சொன்னார். இம்தியாஸுக்குத் தொழ வேண்டும். வெள்ளிக்கிழமையே தொழ வேண்டும்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாருடைய பெயர் இது என்று இளம் பொடியன்மார் கேட்டார்களாம். வயதானவர்கள் சொன்னார்களாம். கேதீஸ்வரன் தலையில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வெளியே வீதியில் நின்றான். பிறகு வீட்டுக்கு வந்தபோது உம்மா அவனை மேசையடியில் இருத்தித் தன் கையால் சோறு போட்டார். இம்தியாஸ் மீன் பொரியலை எப்படிச் சாப்பிடுவான், முள்ளை எங்கே ஒளித்து வைப்பான் என்று அவனிடம் சொன்னார். 'சாப்பிடுவான்' என்றுதான் தொடங்கினார். பாதியில் 'சாப்பிட்டான்' என்று மாறியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று நபீலா நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு அவளுடைய கை தானாகவே அம்ப்பைத் திறந்தது. இரைச்சல் மட்டும். அடுத்த நாளும் இரைச்சல் மட்டும். குமிழைத் திருகினாள், வயரை நீட்டினாள், கிற்றாரைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். மெக்கானிக்மார் கொண்டுவந்த போர்ட்டுகள் மேசையோரம் சேர்ந்தன. உம்மாவுக்காகத்தான் இதைத் திறந்து வைத்தேன் என்று இவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உம்மா இப்போது தொழுதுவிட்டுக் கொஞ்சம் உறங்குகிறார். இவள்தான் இரைச்சலுக்கு முன்னால் குனிந்து இருக்கிறாள்.

ஒரு காலை உம்மா எழுந்து வந்து அம்ப்பின் சுவிட்சைத் தானே அமத்தி நிறுத்தினார்.

"இனி இதுக்குள்ள ஒண்டும் இல்ல மகள். அவன விடு. உனக்கும் ஒரு உம்மா இரிக்கா, அவளோட கதைச்சுப் பாரு."

அன்றைக்குத்தான் நபீலா கேட்டாள், அந்தக் கலியாண வீட்டில் இருந்தபோது கடல் வந்தது உம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று. உம்மா சொன்னார். நபீலாவும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பகல் சமையலும் நடக்கவில்லை. கடையில் இருந்து கொத்துரொட்டி எடுத்துச் சாப்பிட்டார்கள்.

பின்னேரம் அவள் சூட்டுக்கோலைச் சூடாக்கி, அந்தச் சின்னக் கெப்பாசிட்டரை அதன் இடத்தில் வைத்து, ஈயம் விட்டாள்.

சீசன் தொடங்குவதற்கு முன் கேதீஸ்வரன் பெட்டியை எடுத்துப்போக வந்தான். பழைய டின்னை நபீலா கொடுக்கவில்லை. தான் கட்டியதைப் புதுத் தகரப் பெட்டியில் போட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தாள். மழை மூட்டத்தில் குளிர்ந்த காலை அது. அவன் ஒருமுறை வாசித்துப் பார்த்தான். இடையில் எந்தக் குரலும் இல்லாத, சுத்தமான, கனத்த உறுமல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். முடித்ததும் கேட்டான், இதுதானா அந்தச் சத்தம் என்று. நபீலாவுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முற்றத்திலிருந்து உம்மாதான் பதில் சொன்னார், தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே.

"ஓம், அதுதான். சத்தத்தக் கொஞ்சம் குறை மகன், பக்கத்து ஊட்டுல கைப்புள்ள இரிக்கி."

அறுகம்பேயில் அதைக் கேட்ட வேறு இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேதீஸ்வரன் மூலம் சொல்லியனுப்பினார்கள். நபீலா இப்போது பிரிட்ஜ் போர்ட்டுகளுக்கு நடுவில் அவற்றையும் செய்கிறாள். இரும்புக் கடைக்காரர் பழைய றேடியோ வந்தால் போன் எடுக்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் வெளியலை புகாமல் தடுக்கிற கெப்பாசிட்டரை அவள் கடைசியாகத்தான் வைப்பாள். வைப்பதற்கு முன் ஒரு காலை அம்ப்பைத் திறந்து, யாரும் நரம்பைத் தொடாமல், கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். இதுவரை இரைச்சல் மட்டும்தான். பிறகு ஈயம் விட்டு, மூடியை மூடி, உம்மாவோடு தேத்தண்ணி குடிக்கப் போவாள்.